தட்டுக்கு ஒரு காப்பீடு

2024 ஏப்ரல் 18ஆம் தேதி சிங்கப்பூர் உணவு அமைப்பு ஒரு மீன்குழம்பு மசாலாவைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. இந்தியாவின் எவரெஸ்ட் நிறுவனம் தயாரித்த மசாலா அது. எத்திலீன் ஆக்சைடு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்ததாக ஹாங்காங்கின் உணவுப் பாதுகாப்பு மையம் தெரிவித்ததை அடுத்து இறக்குமதியாளருக்கு அந்த உத்தரவு போனது. சிராங்கூன் சாலை மளிகைக்கடைகளில் அந்த வாரம் பேச்சே இதுதான். இந்திய மசாலா எல்லாவற்றுக்கும் தடை என்றார் ஒருவர். விஷம் கலந்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர்.

அறிவிப்பு சொன்னது இரண்டையும் அல்ல. சிங்கப்பூரில் திரும்பப் பெறப்பட்டது ஒரே ஒரு வகை மசாலா. எத்திலீன் ஆக்சைடு கிருமி கொல்லும் வாயு. மிளகாய், மல்லி, மிளகு எல்லாம் களத்தில் வெயிலில் காய்கிறவை. மண்ணும் பறவை எச்சமும் படுகிற இடத்தில் சால்மனெல்லா போன்ற கிருமிகள் தொற்றிக்கொள்ளும். வேகவைத்துக் கொல்லலாம் என்றால் மணமும் கூடவே போய்விடும். அதனால் வாயுவைச் செலுத்திச் சுத்திகரிக்கிறார்கள். சிங்கப்பூரின் உணவு விதிமுறைகள் மசாலாப் பொருட்களுக்கு இதை ஒரு வரம்புக்குள் அனுமதிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. நீண்டகாலம் உடலில் சேர்ந்தால் புற்றுநோய் வரக்கூடும் என்பதுதான் அச்சம். குறைந்த அளவில் சாப்பிட்டவருக்கு உடனடி ஆபத்து இல்லை என்பதையும் உணவு அமைப்பு அப்போதே சொல்லியிருந்தது. அந்த வரியை நிறையப் பேர் படிக்கவில்லை.

இந்தச் சிறிய சம்பவத்துக்குள் மூன்று செலவுகள் இருக்கின்றன. மசாலாவைச் சோதித்த ஆய்வுக்கூடத்தின் செலவு ஒன்று. தகவலை வாங்கி, சரிபார்த்து, சரக்கை யார் கொண்டுவந்தார் என்று தேடிப் பிடிக்கும் அலுவலகத்தின் செலவு இன்னொன்று. திரும்பப் பெற்ற பாக்கெட்டுகளின் விலை மூன்றாவது. முதல் இரண்டும் அரசுப் பணம்; மூன்றாவது வியாபாரியின் பணம். வேளாண்மை இடர்களுக்கும் உணவுப் பாதுகாப்புக்கும் அரசு இத்தனை மில்லியன் வெள்ளி ஒதுக்கியது என்று நாளிதழில் படிக்கும்போது இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எந்த நட்டத்தை அரசு ஏற்கிறது, எதை ஏற்பதில்லை என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

தமிழ்நாட்டு ஊரில் அண்ணனோ மச்சானோ சம்பா நட்டிருக்கும் வீடுகளுக்குப் பயிர்க் காப்பீடு புதிதல்ல. 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரிஃப் பருவ உணவுப்பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபிக்கு 1.5, வணிகப் பயிர், தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5. மீதிப் பிரிமியத்தை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து கட்டுகின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிப் பதிவான அடங்கல் வாங்கி, நில உரிமை காட்டும் சிட்டாவும் வங்கிப் புத்தக நகலும் சேர்த்து, கடைசித் தேதிக்குள் இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். பயிர் அறுவடைச் சோதனையில் அந்தப் பகுதியின் விளைச்சல் குறைந்தது தெரிந்தால் இழப்பீடு. தாமதமாக வருகிறது, பக்கத்துப் பிர்காவுக்கு வந்தது எங்களுக்கு வரவில்லை என்ற புலம்பல்கள் தனிக்கதை. ஆனால் திட்டத்தின் எண்ணத்தில் குழப்பமில்லை: நட்டவனின் நட்டத்தில் ஒரு பங்கை அரசு சுமக்கிறது.

விளைச்சல் போனால் இவ்வளவு தருவோம் என்று அரசு உறுதி சொல்லும் அப்படிப்பட்ட பயிர்க் காப்பீடு சிங்கப்பூரில் கிடையாது. நாட்டின் நிலப்பரப்பில் விவசாயத்துக்கு ஒதுக்கியிருப்பது ஏறத்தாழ 1 விழுக்காடு. சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. இருந்தும் பண்ணைகளுக்கு அரசுப் பணம் போகிறது. 2014இல் 63 மில்லியன் வெள்ளி வேளாண் உற்பத்தித்திறன் நிதி வந்தது. 2020இல் கொவிட் காலத்தில் அவசரமாக ஒரு மானியம். ஒன்பது பண்ணைகளுக்கு 39.4 மில்லியன் வெள்ளி. 2021இல் 60 மில்லியன் வெள்ளியில் வேளாண் உணவுத்துறை உருமாற்ற நிதி.

இந்த நிதிகளின் பொதுக் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பண்ணைக்காரர் ஒரு கருவியையோ கட்டமைப்பையோ வாங்கினால் செலவில் ஒரு பங்கை அரசு தரும். பொதுவாகப் பாதி வரை. மேம்பட்ட தொழில்நுட்பமாக இருந்தால் 70 விழுக்காடு வரை. முதலில் பண்ணைக்காரர் கையிலிருந்து செலவழிக்க வேண்டும். ரசீது காட்டிய பிறகுதான் பணம் திரும்பும். வெயிலில் வாடாதபடி மூடிய கூடம், நோய் அண்டாதபடி சுத்திகரித்த நீர், ஆளில்லாமல் முட்டை பொறுக்கும் இயந்திரம் என்று நட்டம் வராமல் தடுக்கும் பொருட்களுக்கு அரசு பங்கு தருகிறது. அதையும் மீறி நட்டம் வந்தால் அது பண்ணைக்காரர் பாடு.

இந்த வழியை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்குக் கடலில் விடை இருக்கிறது. ஜோகூர் நீரிணையில் மிதக்கும் கூண்டுகளில் கொடுவாவும் பிற மீன்களும் வளர்க்கிறார்கள். 2014 பிப்ரவரியில் அங்கே தண்ணீரில் பிராணவாயு குறைந்து 39 பண்ணைகளில் சுமார் 160 டன் மீன் செத்து மிதந்தது. மறு ஆண்டு இன்னும் மோசம். 2015 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் நுண்பாசிகள் பெருகி, 77 பண்ணைகளில் சுமார் 600 டன் மீன் போனது. ஆண்டுக்கணக்கில் தீனி போட்டு வளர்த்ததைப் படகு படகாக அள்ளிப் போட வேண்டியிருந்தது.

இந்த மீன்களுக்குக் காப்பீடு எடுக்கக் கூடாதா என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் காப்பீடு ஓடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இருபது பேர் சேர்ந்து சீட்டுப் போட்டால், மாதம் ஒருவர் எடுக்கும்வரை சீட்டு நடக்கும். இருபது பேர் வீட்டிலும் ஒரே மாதத்தில் கல்யாணம் வந்தால் நடத்துபவர் ஊரைவிட்டு ஓட வேண்டியதுதான். தஞ்சாவூரில் வெள்ளம் வந்த ஆண்டு கோயம்புத்தூரில் வராமல் இருக்கலாம். தமிழ்நாட்டில் இரண்டு பக்கமும் தவறினாலும் பஞ்சாபில் விளையலாம். பரப்பு பெரிதாக இருப்பதால் ஓரிடத்தின் பிரிமியம் இன்னோரிடத்தின் நட்டத்தை ஈடுகட்டும். சிங்கப்பூரின் மீன் பண்ணைகள் அப்போது எண்ணிக்கையில் நூற்றைச் சுற்றித்தான். பெரும்பாலானவை ஒரே நீரிணையில், ஒரே தண்ணீரில். பாசி வந்தால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வரும். அப்படிப்பட்ட இடத்தில் கட்டுபடியாகும் பிரிமியத்தில் காப்பீட்டாளர் கை நீட்டுவது கடினம். ஆகவே திறந்த கூண்டைவிட்டு, நீரைச் சுத்திகரித்துச் சுழற்றும் மூடிய தொட்டிகளுக்கு மாறுங்கள், அதற்குப் பங்கு தருகிறோம் என்றது அரசு.

கணக்கு அளவில் இது சரி. களத்தில் அவ்வளவு சரியாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூடிய தொட்டியில் பம்பு நிற்காமல் ஓட வேண்டும். மின்கட்டணம் மாதாமாதம் வரும். மானியம் இயந்திரத்துக்கு ஒருமுறைதான் வரும். கடலிலேயே இருந்தவர்களும் தப்பவில்லை. பெரிய முதலீட்டோடு தெற்குத் தீவுகளை ஒட்டிய கடலில் கொடுவா வளர்த்த பாராமுண்டி குழுமம்கூட, மீனின் செதில்களை உதிரவைக்கும் கிருமி தாக்கியதால் 2023இல் சிங்கப்பூர் வளர்ப்பை நிறுத்திக்கொண்டது.

கீரைக் கதையும் ஏறக்குறைய இதுதான். 2019இல், 2030க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்று இலக்கு வைத்தார்கள். தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்குள் அடுக்கடுக்காக ஊதா விளக்கின்கீழ் கீரை முளைத்தது. அமைச்சர்கள் பார்வையிட்டார்கள், படங்கள் வந்தன. பிறகு உக்ரேன் போரோடு மின்கட்டணம் ஏறியது. மலேசியாவிலிருந்து இரவோடு இரவாக லாரியில் வரும் கீரைக்கு முன்னால் விளக்கில் வளர்ந்த கீரை விலையில் நிற்க முடியவில்லை. பெரிதாக அறிவிக்கப்பட்ட உள்ளரங்குப் பண்ணைகள் சில கதவை மூடின. கட்டுவதற்கு முன்பே கைவிடப்பட்டவையும் உண்டு. 2024இல் நாம் சாப்பிட்ட காய்கறியில் உள்ளூர் விளைச்சல் 3 விழுக்காடு. கடலுணவில் 6ஐ ஒட்டி. முட்டையில் மட்டும் 34ஐத் தாண்டியது.

முட்டை ஏன் தேறியது? இங்கே இருப்பவை மூன்று பெரிய பண்ணைகள். அளவு பெரிது, இயந்திரம் ஓடும், முட்டை எல்லா வீட்டிலும் வேண்டும், தேவை ஆண்டு முழுதும் ஒரே சீர். கீரை அப்படியில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விளக்குப் பண்ணைகள் விளைவித்தவை பெரும்பாலும் சாலட் இலைகளும் சீனச் சமையலுக்கான இலைக்கீரைகளும். தேக்கா சந்தையில் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் தேடும் முருங்கைக்காயும் வெண்டையும் சேப்பங்கிழங்கும் அந்த அடுக்குகளில் வளராது. வாழையிலை நிச்சயமாக வளராது. ஆக நம் சமையலறைக்கு அந்த இலக்கு ஒருபோதும் நேரடியாகப் பொருந்தியதில்லை.

2025 நவம்பரில் அந்த இலக்கை அரசே மாற்றியது. இப்போது 2035ஆம் ஆண்டுக்கு இரண்டு தனித்தனி இலக்குகள்: காய்கறி, முளைப்பயறு, காளான் சேர்ந்த நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு; முட்டை, கடலுணவு சேர்ந்த புரத உணவில் 30. முளைப்பயறையும் காளானையும் சேர்த்துக் கணக்கிடுவதால் 3 விழுக்காடு என்ற எண் 8 ஆகத் தெரியும். ஏதோ ஒரே ஆண்டில் விளைச்சல் பாய்ந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். இலக்கைத் திருத்தியதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. முடியாததை முடியும் என்று சொல்லிக்கொண்டே 2030வரை பணம் செலவழிப்பதைவிட இது மேல் என்பது என் எண்ணம். ஆனால் மூடிய பண்ணைகளுக்குப் போன மானியம் எவ்வளவு, அதில் திரும்பக் கிடைத்த பாடம் என்ன என்ற கணக்கை இன்னும் விரிவாக வெளியிடலாம்.

பண்ணைகளின் கதை இப்படியென்றால், சிங்கப்பூர் தன் பெரிய காப்பீட்டை வேறிடத்தில் எடுத்து வைத்திருக்கிறது. 180க்கும் மேற்பட்ட நாடுகள், வட்டாரங்களிலிருந்து உணவு வாங்குகிறது. ஒரு வாசல் மூடினால் இன்னொன்று திறந்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. 2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இது சோதனைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூர் வாங்கிய கோழியில் மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து வந்தது. ஏறத்தாழ அத்தனையும் உயிருடன் வந்து இங்கே அறுக்கப்பட்டவை. ஈரச்சந்தைக் கோழிக்கடைகள் பல வெறிச்சோடின. ஆனால் நாடு கோழியில்லாமல் போகவில்லை. பிரேசிலின் உறைகோழி ஏற்கெனவே பாதிச் சந்தையைப் பிடித்திருந்தது. அந்த மாத இறுதிக்குள் இந்தோனேசியாவும் புதிய வாசலாகச் சேர்ந்தது. விடுபட்டது புதுக்கோழியின் ருசி. அதைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கும் அறுத்து விற்றுப் பிழைத்தவர்களுக்கும்தான் அடி.

அடுத்த ஆண்டு நம் முறை. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூரின் அரிசி இறக்குமதியில் 40 விழுக்காடு இந்தியாவுடையது. அதிலும் தடைக்குள் வந்த பாஸ்மதி அல்லாத வகை மொத்தத்தில் 17 விழுக்காடு. கேம்பல் லேனிலும் பஃபலோ சாலையிலும் அரிசி மூட்டை தோளேறியது; ஒன்று வாங்குகிறவர் மூன்று வாங்கினார். அப்போது பரவிய குழப்பத்தில் முக்கியமான ஒன்று, எந்த அரிசி தடையில் இருக்கிறது என்பது. பச்சரிசியாக வரும் பொன்னிக்குத் தடை. இட்லிக்கும் சோற்றுக்கும் போகும் புழுங்கலரிசிக்குத் தடை இல்லை. ஆகஸ்ட் 25 முதல் அதற்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி மட்டும் விதித்தார்கள். பாஸ்மதிக்குக் குறைந்தபட்ச ஏற்றுமதி விலை. ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூருக்குச் சிறப்பு விலக்கு தருவதாக இந்தியா அறிவித்தது. தடை முழுதாக நீங்கியது 2024 செப்டம்பரில்.

அந்த இடைவெளியில் கடைகள் காலியாகாததற்கு ஒரு காரணம் உண்டு. அரிசி இறக்குமதி செய்கிற ஒவ்வொருவரும், தாம் மாதம் இறக்கும் அளவைப்போல் இரு மடங்கைச் சேமக் கையிருப்பாக அரசு குறித்த கிடங்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். வெள்ளை அரிசி, பாஸ்மதி, புழுங்கல் என்று வகை பிரிக்கும் அந்தத் திட்டத்தில் பொன்னி தன் பெயரோடே இடம்பெற்றிருக்கிறது. பொன்னி பேர் சொல்லி அரசாங்க விதியில் உட்கார்ந்திருப்பதில் எனக்குச் சின்னச் சந்தோஷம். அரிசி வியாபாரியுடையது, பழையதை எடுத்து விற்றுப் புதியதை வைத்துக்கொள்ளலாம், அளவு குறையக் கூடாது. நெருக்கடி வந்தால் அரசு இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும்.

அந்தக் கையிருப்பை வைத்திருக்கும் செலவை முதலில் இறக்குமதியாளர் கட்டுகிறார். கிடங்கு வாடகை, முடங்கிய முதல், வண்டு விழாமல் பார்க்கும் செலவு எல்லாம் அவர் கணக்கு. கடைசியில் மூட்டை விலையில் சில காசாக அது நம்மிடம் வந்து சேர்கிறது. பிரிமியம் என்று ரசீதில் போடுவதில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் விளைவிக்கிறவரின் நட்டத்துக்குக் காப்பீடு. சிங்கப்பூரில் சாப்பிடுகிறவரின் தட்டுக்குக் காப்பீடு. பண்ணைகள் மூடியபோது அரசு ஏன் தாங்கிப் பிடிக்கவில்லை என்று கோபப்படுகிறவர்கள் இந்த வேறுபாட்டிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். கொள்கையே அப்படி அமைந்தது.

இனி உணவுப் பாதுகாப்பு. தட்டில் உணவு இருந்தால் போதாது, அது நோய் தராமலும் இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் தேதி வரை இந்தப் பொறுப்பு மூன்று அமைப்புகளிடம் சிதறிக் கிடந்தது: பண்ணையும் இறக்குமதியும் ஒருவரிடம், சாப்பாட்டுக்கடை இன்னொருவரிடம், ஆய்வுக்கூடம் வேறிடத்தில். அன்று சிங்கப்பூர் உணவு அமைப்பு பிறந்ததும் எல்லாம் ஒரே கூரைக்குள் வந்தது. தேசிய உணவு அறிவியல் மையம் அதன் ஆய்வுக்கூடமானது. உணவு பற்றிய ஆராய்ச்சிக்கு மட்டும் 300 மில்லியன் வெள்ளிக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள்; நகர விவசாயம், புதுவகை உணவுகள், உணவுப் பாதுகாப்பு அறிவியல் என்ற மூன்றுக்கும் அது பொது.

எல்லையில் நடப்பதை மட்டும் கவனித்தால் போதாது என்பதற்கு நம்மவர் உணவே சாட்சி. 2009 ஏப்ரலில் கெயிலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ஓர் இந்திய ரோஜாக் கடையில் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், இருவர் உயிரிழந்தார்கள். காரணம் விப்ரியோ எனும் கடல்வாழ் கிருமி. பச்சைக் கடலுணவிலிருந்து சமைத்த உணவுக்குத் தாவியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. எந்த எல்லைச் சோதனையும் அதைத் தடுத்திருக்காது. ஒரே பலகை, ஒரே கத்தி, ஒரே கைத்துணி என்ற பழக்கத்தில் வந்த வினை. பண்ணையிலும் இப்படி நடக்கும். 2021இல் உள்ளூர் முட்டைப் பண்ணை ஒன்றிலேயே சால்மனெல்லா எண்டெரிடிடிஸ் கிருமி தென்பட்டு விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. உள்ளூரில் விளைந்தது என்பதாலேயே ஒன்று சுத்தமாகிவிடாது. கோழிக் கூடத்துக்குள் எலியும் காட்டுப்பறவையும் நுழையாதபடி அடைப்பதற்குக் கொடுக்கும் மானியம் பண்ணைக்காரரின் நட்டத்தையும் குறைக்கிறது, நம் வயிற்றையும் காக்கிறது. வேளாண் இடருக்கும் உணவுப் பாதுகாப்புக்கும் ஒரே மூச்சில் நிதி ஒதுக்குவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

2025 ஜனவரி 8ஆம் தேதி நாடாளுமன்றத்தில் உணவுப் பாதுகாப்பு, மீள்திறன் பற்றிய புதிய சட்டம் நிறைவேறியது. எட்டுச் சட்டங்களில் சிதறியிருந்த உணவு விதிகளை அது ஒன்று சேர்க்கிறது. 2028க்குள் படிப்படியாக நடப்புக்கு வரும். அரிசிக் கையிருப்பு போன்ற ஏற்பாடுகளுக்கும் இனி அதுவே அடித்தளம். லிட்டில் இந்தியா வியாபாரிகள் உற்றுப் பார்க்க வேண்டிய பகுதி ஒன்று அதில் இருக்கிறது: சரக்கு யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்ற பதிவேடு. ஒரு பொருளைத் திரும்பப் பெற வேண்டி வந்தால் அது எந்தெந்தக் கடையில் இருக்கிறது என்று உடனே தெரிய வேண்டும் என்பதற்காக.

மூடி முத்திரையிட்ட மசாலா பாக்கெட்டுக்கு இது சிரமமில்லை. பெயர், தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். மூட்டைக்கு வாருங்கள். வற்றல் மிளகாய், தனியா, துவரம்பருப்பு 25 கிலோ மூட்டைகளில் வருகின்றன. கடையின் பின்கட்டில் ஒருவர் உட்கார்ந்து 200 கிராம், 500 கிராம் என்று அளந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைச் சூட்டில் ஒட்டி, கடைப் பெயர் போட்ட சீட்டை ஒட்டுகிறார். மூட்டையின் மேலிருந்த தொகுதி எண் மூட்டையோடு குப்பைக்குப் போகிறது. பழைய சரக்கு தீரும் முன்பே புது மூட்டை அதே டப்பாவில் கொட்டப்படுகிறது. ஆறு மாதம் கழித்து அந்த மிளகாயின் ஒரு தொகுதியில் பூச்சிமருந்து எச்சம் கூடுதல் என்று அறிவிப்பு வந்தால், எந்தப் பொட்டலம் அதிலிருந்து வந்தது? கடைக்காரரால் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபோது மொத்தத்தையும் எடுத்துக் கொட்ட வேண்டியதுதான் வழி. எண்ணை எழுதி வைத்திருந்தால் ஒரு டப்பாவோடு முடிகிற நட்டம், இல்லாததால் அலமாரி முழுதும் பரவுகிறது. பதிவேடு கடைக்காரருக்கும் ஒரு காப்பீடுதான்.

இதற்கு உதவி இருக்கிறதா என்றால், அரைகுறையாக இருக்கிறது. வேளாண் உருமாற்ற நிதி உரிமம் பெற்ற பண்ணைகளுக்கானது. மளிகைக்கடை அதன் வாசலில்கூட நிற்க முடியாது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு உற்பத்தித்திறன் தீர்வு மானியம் உண்டு. அங்கீகரித்த சரக்குக் கணக்கு மென்பொருள் வாங்கினால் செலவில் பாதி வரை அரசு தரும். ஆனால் பின்கட்டில் பொட்டலம் போடுகிற இடத்துக்கு மென்பொருள் மட்டும் போதாது. தொகுதி எண் அச்சிடும் சின்ன இயந்திரம், மூட்டைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைக்க இடம், அதைச் செய்கிறவருக்கு அவர் மொழியில் பயிற்சி, மசாலாவை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் கட்டணம் எல்லாம் வேண்டும். வாடகை கட்டவே திணறுகிற கடைக்கு இவை கூடுதல் சுமை. விளக்கில் கீரை வளர்க்க 70 விழுக்காடு வரை பங்கு தர முடிந்த அரசு, நாடு சாப்பிடுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல் கடந்து வருகிறது என்று தெரிந்த அரசு, அதைக் கொண்டுவந்து விற்கும் சிறு வியாபாரியின் சோதனைச் செலவில் ஒரு பங்கை ஏற்பது எந்த விதத்திலும் சலுகை ஆகாது. பண்ணை மானியத்துக்குச் சொன்ன அதே காரணம் இதற்கும் பொருந்தும்: நட்டம் வருமுன் தடுப்பது மலிவு.

வியாபாரிகள் பக்கமும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. பதிவேடு என்றாலே அபராதத்துக்கான ஏற்பாடு என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் அதிகம். இறக்குமதி அனுமதி இல்லாமல் காய்கறி கொண்டுவந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. எல்லையைத் தாண்டி வேனில் மறைத்து வந்த மூட்டைகள் பிடிபடுவதும் செய்தியில் வருகிறது. மலிவாக வருகிறது என்று அதை வாங்கி விற்கும் கடைக்காரர், சோதிக்காத சரக்கின் முழு இடரையும் தன் வாடிக்கையாளரின் வீட்டுக்கு அனுப்புகிறார்.

சட்டத்தின் துணை விதிகள் இனிமேல்தான் ஒவ்வொன்றாக நடப்புக்கு வரும். லிட்டில் இந்தியா வர்த்தகர்கள் சங்கமான லிஷாவும் இந்திய வர்த்தக, தொழிற்சபையும் கேட்டுத் தெளிய வேண்டியவை கைக்கடக்கமான சில கேள்விகள். மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போடுகிறவருக்கும் பதிவேடு கட்டாயமா, இறக்குமதியாளருக்கு மட்டுமா? எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்? தமிழில் எழுதிய நோட்டுப் புத்தகம் செல்லுமா? மூட்டையின் அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்துத் தேதியோடு வைத்திருந்தால் போதுமா?